வேண்டாத சத்தம்

போன்களெல்லாம் இரைச்சலை வடிகட்டிவிட்டே பதியும் காலத்தில், டெய்சி தன் பாப்பாவுக்குப் பாடிய தாலாட்டைப் பிடிவாதமாக இசைத்தட்டில் பதித்து வைத்திருந்தாள். தினமும் போட்டுக் கேட்பாள். அதன் கரகரப்பு அவள் கணவன் அல்போன்ஸுக்கு ஆகவே ஆகாது. ஒருநாள் அவளைக் கேட்காமலே கடையில் கொடுத்து டிஜிட்டலுக்கு மாற்றிவிட்டான். மாற்றியதும் தட்டை உருக்கிவிடுவது கடை வழக்கம்.

"இப்போ கேளு, கண்ணாடி மாதிரி இருக்கு. உன் தட்டு இதுக்குப் பக்கத்துல நிக்குமா?"

டெய்சி கடைசிவரை கேட்டாள். "நடுவுல பாப்பா அழுவாளே, அது எங்க?"

அவன் பதறிக் கடைக்குப் போன் செய்தான்.

"வேண்டாத சத்தம் எல்லாத்தையும் எடுத்தாச்சு சார்," என்றது இயந்திரக் குரல், பெருமையாக.

பாப்பா உயிரோடு இருந்தது பதினோரு நாள். அழுவதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் தெரிந்திருக்கவில்லை.