கெமிகிசா கூட்டி வந்தவர்கள்

"டீச்சர், அங்க பாருங்க. நம்ம பிள்ளைங்களுக்குப் புத்தி சொல்ல வந்த பொண்ணு எங்க உக்காந்திருக்கான்னு."

ஏழாம் வகுப்பு ஆசிரியை ஜன்னலைக் காட்ட, தலைமை ஆசிரியை எட்டிப் பார்த்தார்.

பள்ளி வாசலுக்கு எதிரே வாடகை பைக் ஸ்டாண்டு. ஒரு பைக்கில் ஒருக்களித்து உட்கார்ந்து, முட்டை சுருட்டிய சப்பாத்தியைக் கடித்தபடி நாலைந்து ஓட்டுநர்களோடு பேசிக்கொண்டிருந்தாள் கெமிகிசா. அவள் என்னவோ சொல்ல, அவர்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள்.

அவளுடைய வெள்ளை பனியனின் முதுகில் 'காத்திருப்போம்' என்று பெரிதாக எழுதியிருந்தது.

தலைமை ஆசிரியைக்குப் பின்னால் நின்ற புசிங்கேயும் எட்டிப் பார்த்தான். பதினேழு வயதில் அவன்தான் கெமிகிசா வந்த மாணவர் குழுவின் தலைவன். தங்களைவிடச் சின்னப் பிள்ளைகளிடம் போய், படித்து முடித்துக் கல்யாணம் ஆகும்வரை உடலுறவு வேண்டாம் என்று எடுத்துச் சொல்லும் குழு. உகாண்டாவின் ஃபோர்ட் போர்ட்டல் வட்டாரத்தில் அவர்களை உள்ளே விட்ட முதல் தொடக்கப் பள்ளி, ஏழாம் வகுப்புவரை உள்ள இதுதான். காலையிலிருந்து குழுவில் ஒருவருக்கும் கால் தரையில் நிற்கவில்லை. ஹாலில் மேளச் சத்தமும் மாணவிகளின் பாட்டும் கூரையைப் பிளந்தன.

"இந்த லட்சணத்துல எங்க பிள்ளைங்களுக்கு ஒழுக்கம் சொல்லப் போறீங்களாக்கும்?" என்றார் தலைமை ஆசிரியை.

"அவ அப்படிப்பட்டவ இல்ல டீச்சர்..."

"போன வருஷம் இதே ஸ்டாண்டு பைக்ல ஏறி ஏறித்தான் எங்க பொண்ணுங்க ரெண்டு பேர் வயித்துல பிள்ளையோட படிப்பை விட்டுட்டுப் போனாங்க. தெரியுமா உனக்கு?"

புசிங்கே வெளியே ஓடினான்.

"கீழ இறங்கு. மானம் போகுது."

"இரு, பேச்சு முடியல," என்றாள் கெமிகிசா.

"இவங்ககிட்ட என்ன பேச்சு? சப்பாத்தி வேற வாங்கித் தின்னுக்கிட்டு."

"என் காசுல வாங்கினது. பசிச்சா திங்கக் கூடாதா?"

ஓட்டுநர்களில் மூத்தவரான அராலி சிரித்தார். "தம்பி, தங்கச்சி அப்பலேர்ந்து எங்களைத்தான் காய்ச்சி எடுக்குது. நாங்க என்ன பண்ண? பொண்ணுங்களாத்தான் வந்து ஏறுதுங்க. நாங்களா கையைப் பிடிச்சு இழுக்கிறோம்?"

"அதையேதான் அண்ணே நானும் சொல்றேன். உள்ள வந்து அதுங்க முகத்தைப் பாத்து இதைச் சொல்லுங்க. எங்க மேல ஒரு தப்பும் இல்லைன்னு சொல்லிட்டுப் போயிடுங்க. இல்ல, சின்னப் பொண்ணுங்களைப் பாத்தா பயமா?"

"பயமா? எங்களுக்கா?"

அராலி ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

அவர்கள் ஹாலுக்குள் நுழைந்ததும் மேளம் நின்றது. பள்ளி வழக்கப்படி ஒட்ட வெட்டிய முடியும் நீலச் சீருடையுமாக வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"இவங்களை யார் உள்ள விட்டது?" தலைமை ஆசிரியை எழுந்துவிட்டார்.

"நான்தான் டீச்சர். கொஞ்ச நேரம் குடுங்க. அப்புறம் எங்களையும் சேத்து வெளிய அனுப்பிடுங்க."

கெமிகிசா மாணவிகளைப் பார்த்துத் திரும்பினாள். "இவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்று ஹாலே அதிர்ந்தது.

"இவங்க பைக்ல காசு குடுக்காம யாரெல்லாம் போயிருக்கீங்க?"

சத்தம் அடங்கியது. ஒரு கை மெல்ல எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு அங்கங்கே எழுந்து எழுந்து, பாதி ஹால் கையைத் தூக்கிவிட்டது. ஏழாம் வகுப்பு ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். தலைமை ஆசிரியை மெதுவாக உட்கார்ந்தார்.

"இவங்க உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம். சொல்லுங்க அண்ணே."

அராலி தொண்டையைக் கனைத்தார். அதற்குள் முன்வரிசையில் ஒல்லியாக ஒரு சிறுமி எழுந்து, மரியாதைக்கு முழங்காலை மடக்கினாள்.

"மாமா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"ஓசியிலயே ஏத்திட்டுப் போறீங்களே, பின்னால எங்ககிட்ட என்ன கேப்பீங்க?"

ஓர் ஓட்டுநர் தரையைப் பார்த்தான். இன்னொருவன் வாசல் பக்கம் நழுவப் பார்த்தான். அங்கே புசிங்கே கதவை மறித்து நின்றான். யாரும் சொல்லாமலே போய் நின்றிருந்தான்.

அராலி அந்தச் சிறுமியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வேற ஒண்ணு சொல்லத்தான் வந்தேன்," என்றார். பிறகு தன் ஆட்கள் பக்கம் திரும்பி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். மறுபடி மாணவிகளைப் பார்த்து, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இனிமே எங்க ஸ்டாண்டுல உங்க ஒருத்தருக்கும் ஓசி சவாரி கிடையாது. எவனாவது காசு வேணாம், ஏறிக்கோன்னு கூப்பிட்டா, நேரா என்கிட்ட ஓடி வாங்க."