வலிக்கு எத்தனை மார்க்?

"உண்மையைச் சொல்லு. இந்த நம்பரெல்லாம் நீயே உட்கார்ந்து போட்டதுதானே?"

அக்கா லேப்டாப்பைத் தங்கை பக்கம் திருப்பினாள். தங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்னக்கா இப்படிக் கேக்குறே? ஒவ்வொருத்தரையா உட்கார வச்சுக் கேட்டு எழுதினதுக்கா!"

தங்கை பிசியோதெரபி மேல்படிப்பு. முழங்கால் வலிக்காரர்களுக்குப் புதுசாக ஒரு பயிற்சி கொடுத்து, வலி குறைகிறதா என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆய்வு. நாளைக்குக் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் இந்த வருஷம் பட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

அக்கா கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக் கொடுக்கிறவள். சர்க்கரை டப்பா திறந்து கிடந்தால்கூட யார், எப்போது, எத்தனை ஸ்பூன் என்று விசாரணைக் கமிஷன் வைப்பாள். அவளிடம் போய் இந்த டேட்டா மாட்டிக்கொண்டது!

அவள் சாப்ட்வேரில் ஓட்டியது ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா. பெயரைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அளந்து, அவரை அவரோடேயே ஒப்பிட்டுப் பார்க்கிற கணக்கு, அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு வரிசை. ஆரம்பத்தில், நடுவில், முடிவில் என்று மூன்று கட்டம். ஒவ்வொன்றிலும், "வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?" என்று கேட்டு வாங்கிய எண்.

"இங்கே பாரு. முதல் தடவை எட்டு, ஏழு, எட்டு, எட்டு. நடுவுலயும் அதே கதைதான். கடைசியில மட்டும் ரெண்டு, ரெண்டு, மூணு, ரெண்டு! எல்லாரோட வலியும் சொல்லி வச்ச மாதிரி ஓடிப் போச்சா?"

"பயிற்சி வேலை செஞ்சிருக்குக்கா. அதுக்கு சந்தோஷப்படாம..."

"அப்ப முழங்கால் ஏன் கூடுதலா மடங்கலை? அந்த அளவையும் நீதானே எடுத்தே? முதல் நாள் எவ்வளவு மடங்குச்சோ அதே அளவுதான் கடைசி நாளும் மடங்கியிருக்கு. வலி மட்டும் தனியா எங்கே போச்சு?"

 தங்கைக்கே இது இப்போதுதான் உறைத்தது.

"சத்தியமா நான் ஒரு நம்பரைக்கூட மாத்தலைக்கா. எனக்கும் புரியலை."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பொய் சொன்னால் இவளுக்குக் காது சிவந்துவிடும், சின்ன வயசிலிருந்தே அப்படி. அக்கா காதைப் பார்த்தாள். சிவக்கவில்லை. கோபம் போய், இது என்ன மர்மம் என்று அவளுக்குக் குறுகுறுப்பு தொற்றிக்கொண்டது.

"சரி, அழாதே. நடுவுல கேட்டதுக்கும் கடைசியா கேட்டதுக்கும் இடையில என்ன நடந்துச்சு? மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?"

"ஒண்ணுமே நடக்கலை. எங்க துறைத் தலைவர்கிட்ட திட்டு வாங்கினதுதான் மிச்சம். 'ஒருத்தருக்கும் வலி குறையலை, இதை வச்சுக்கிட்டு பட்டம் வாங்கிடுவியா'ன்னு வராந்தாவுல நிக்க வச்சுக் கிழிகிழின்னு கிழிச்சார். மானமே போச்சு."

"வராந்தாவுலயா?"

அக்கா போனை எடுத்தாள். "முதல் வரிசையில இருக்கிறது யாரு?"

"தையற்கடைக்காரர். நாள் பூரா மெஷின் மிதிக்கிறவர். தங்கமான மனுஷன்."

நம்பரை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஐயா, நான் அந்த பிசியோ பொண்ணோட அக்கா பேசுறேன். இப்ப உங்க வலிக்குப் பத்துக்கு எத்தனை போடுவீங்க?"

கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

"பொண்ணு பாஸாயிடுச்சாம்மா?"

அக்கா தங்கையைப் பார்த்தாள். "ம்... ஆயிட்டா."

"அப்பாடா! இனிமே உண்மையைச் சொல்லலாம். எட்டும்மா. உயிர் போகுது!"

அக்கா சட்டென்று போனை மியூட்டில் போட்டாள்.

"இவர் ஒருத்தர்தானேடி? இவரோட மூணாவது கட்டத்தைக் காலி பண்ணிடு. ஒரு கட்டம் காலியா இருந்தாப் போதும், சாப்ட்வேரே கணக்குல இருந்து ஆளைத் தூக்கிடும். மத்தவங்களை வச்சு ரிசல்ட் ஜோரா வரும். நாளைக்குக் குடுத்துடலாம்."

இவ்வளவு நேரம் போலீஸ் வேலை பார்த்தவள்தான் இதைச் சொன்னாள்! என்ன செய்ய, தங்கச்சி அழுதால் எந்த அக்காவுக்கும் மனசு இளகத்தானே செய்யும்.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆளைத் தூக்கிடலாம்க்கா. அவர் கால்ல இருக்கிற வலியை யாரு தூக்குறது? இது நல்ல பயிற்சின்னு நான் எழுதிக் குடுத்தா, இன்னும் எத்தனை பேரு இதையே செஞ்சு அவதிப்படுவாங்க?"

போனை வாங்கினாள்.

"ஐயா, நான்தான் பேசுறேன். நான் இன்னும் பாஸாகலை. உங்களுக்கு எட்டுன்னே எழுதிக்கிறேன். என் பயிற்சிதான் சரியில்லை. பட்டம் தள்ளிப் போனாப் போகட்டும். நீங்க காலையில வாங்க, காலுக்கு வேற என்ன பண்ணலாம்னு பார்ப்போம்."

 மறுமுனையில் தையற்கடைக்காரர் சொன்னார்:

"அப்ப மத்தவங்களையும் கூட்டிக்கிட்டு வர்றேன் தாயி. வராந்தாவுல உட்கார்ந்திருந்த எங்க கண்ணு முன்னாடியே உன்னை அந்த மனுஷன் திட்டினது யாருக்கும் பொறுக்கலை. உனக்காக ரெண்டுன்னு சொல்லிட்டு, எல்லாருமே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போனோம்."