உடைய வேண்டிய போல்ட்

போல்ட் வெளியே வர மறுத்தது.

மெக்கானிக் அண்ணன் மறுபடியும் சுத்தியலை ஓங்கினார். எல்லோரும் அவரை 'கிரீஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் போட்டிருக்கும் சட்டை என்ன நிறம் என்று அவருக்கே தெரியாது.

"கொஞ்சம் தள்ளி நில்லு மருமகளே. தெறிச்சு உன் மூக்குல பட்டா, மாப்பிள்ளை தேடற வேலையும் என் தலையில விழும்."

"முதல்ல போல்ட்டை வெளிய எடுங்க மாமா. மாப்பிள்ளை எங்கயும் ஓடிட மாட்டான்" என்றாள் என் மகள், டார்ச்சை அசைக்காமல். பகலிலும் இருட்டடைந்து கிடக்கும் கொட்டகை அது.

டிராக்டருக்குப் பின்னால் மாட்டிப் புதர் வெட்டும் மெஷின். என் வீட்டுக்காரர் போன பிறகு துருப்பிடித்துக் கிடந்ததை மகள் போன வாரம் ஓட்டிப் பார்த்தாள். கத்தி கல்லில் மோதியது. கியர்பாக்ஸுக்குள் கடகடவென்று ஒரு சத்தம், அத்தோடு சரி.

உடைந்த கியரை மாற்றியாகிவிட்டது. வளைந்த கத்திகளையும் மாற்றியாகிவிட்டது. மிச்சம், டிராக்டரின் சுழற்சியை மெஷினுக்குக் கொண்டுவரும் ஷாஃப்டில் இருந்த இந்த ஒரு போல்ட்தான்.

இதுதான் கடைசித் தடவை என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். இன்னொரு முறை கியர் போனால் மெஷினை எடைக்குப் போட்டுவிட வேண்டியதுதான். ஆனால் அவள் பக்கத்துத் தோப்பைச் சுத்தம் செய்து தருவதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தாள்.

போல்ட் டணங்கென்று தரையில் விழுந்தது. கிரீஸ் அண்ணன் அதைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இதை யாரு போட்டது?"

"அப்பாதான். வேற யாரு இதைத் தொட்டா?"

"இருக்காது. இது கெட்டி போல்ட்டும்மா. இங்க சாதா போல்ட்தான் போடணும். கத்தி கல்லுல மோதினா போல்ட் உடையணும், கியர் பொழைக்கணும். இது உடையவே உடையாது. அதான் கியரைத் தின்னுடுச்சு. எவனோ ஒருத்தன் இப்படிப் போட்டான்னு உங்கப்பா அவனை விட்ட டோஸு எனக்கில்ல தெரியும்!"

எனக்கும் தெரியும். அவர் சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து சாதா போல்ட் கிடக்கும். துவைக்கும்போது எடுக்க மறந்தால் வாளிக்குள் விழுந்து என்னைத் திடுக்கிட வைக்கும்.

போல்ட் உடைந்தால் டிராக்டரை நிறுத்துவார். சத்தம் நிற்பது வீட்டுக்குள் எனக்குக் கேட்கும். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போவேன். ஷாஃப்டுக்கு அடியில் படுத்திருப்பார். கால்கள் மட்டும் வெளியே தெரியும்.

"வந்துட்டியா? சுத்தியலை எடு."

மாமியார், ஓரகத்தி, பிள்ளைகள் என்று நிறைந்திருந்த வீட்டில் பேச முடியாததை எல்லாம் நாங்கள் அங்கேதான் பேசினோம். ஒரு போல்ட் மாற்ற எவ்வளவு நேரம் ஆகிவிடும்? எங்களுக்கு ஆகும்.

கடைசி வருடம் மட்டும் டிராக்டர் நடுவில் நிற்கவே இல்லை. காலையில் ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார்.

"இந்த வருஷம் மெஷின் நல்லா ஓடுதே. என் கண்ணே பட்டுடும் போலிருக்கு" என்று ஒரு நாள் சொன்னேன். அவர் தட்டைப் பார்த்துச் சிரித்தார்.

கிரீஸ் அண்ணன் அந்தப் போல்ட்டை என் உள்ளங்கையில் வைத்தார்.

"நீயே சொல்லு தங்கச்சி. இறங்கி ஏற அலுத்துக்கிட்டு இதைப் போடற ஆளா அவன்?"

நான் டிராக்டரைப் பார்த்தேன். ஏறுவதற்கு இரண்டே இரண்டு இரும்புப் படிகள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது நினைவுக்கு வந்தது. மாதக்கணக்கில் மூச்சு வாங்கியிருக்குமே, நாலு படி ஏறினாலே தெரிந்திருக்குமே, உங்களிடம் சொல்லவில்லையா என்று.

"அலுப்பு இல்லண்ணே" என்றேன். "அவரால ஏற முடியலை."

மகள் டார்ச்சை அணைத்தாள். பிறகு, அணைத்ததே தெரியாதவள் போல, சாதா போல்ட் ஒன்றைத் தடவி எடுத்துத் துளையில் செருகி முடுக்கினாள். இன்னும் சிலவற்றை அள்ளித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

கொல்லைப் பக்கத்துப் புதருக்கு ஓட்டிப் போனாள். நானும் அண்ணனும் கொட்டகை வாசலில் நின்றோம். மெஷின் சீராக இரைந்தது. புதர் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது.

டணார்.

சத்தம் நின்றது.

"போச்சு!" என்றார் அண்ணன்.

மகள் படியில் கால் வைக்காமலே இருக்கையிலிருந்து குதித்தாள். பின்னால் ஓடிப்போய்க் குனிந்தாள். ஷாஃப்டைப் பிடித்து ஆட்டினாள், கியர்பாக்ஸின் மேல் காதை வைத்தாள். நிமிர்ந்து இரண்டு கையையும் ஆட்டினாள்.

"போல்ட்தான்! வெறும் போல்ட்தான்!"

அண்ணன் ஸ்பேனரைத் தேடினார்.

"நீங்க இருங்கண்ணே" என்றேன்.

கெட்டி போல்ட் இன்னும் என் கையில்தான் இருந்தது, சூடேறிப்போய். எடைக்குப் போகும் இரும்பு டப்பாவில் அதைப் போட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு நடந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது ஷாஃப்டுக்கு அடியில் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

உள்ளேயிருந்து ஒரு கை நீண்டது. நான் சுத்தியலை ஏற்கெனவே எடுத்திருந்தேன்.