வில்லன் பேசிய வசனம்

ஜப்பான் தளபதி திரையில் வாளை உருவிக்கொண்டு கர்ஜித்ததும், தியேட்டரே 'ஊ' என்று கத்தியது.

கடைசி வரிசையில் மட்டும் பதினைந்து பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். எல்லாம் ஆசிய முகங்கள்.

"துரோகிங்களா! வெளிய போங்கடா!" யாரோ சோளப்பொரிப் பொட்டலத்தை வீசினார்கள்.

லாஸ் ஏஞ்சலிஸ், 1943. மேனேஜர் டோலிவரின் மகன் பசிபிக் கடலில் ஒரு போர்க்கப்பலில் இருந்தான். அவர் படத்தை நிறுத்தச் சொல்லி விளக்கைப் போட்டார். விறுவிறுவென்று அந்த வரிசைக்கு வந்தார்.

"என் மகன் அங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். நீங்க எதிரிக்குக் கைதட்டுறீங்களா? போலீஸைக் கூப்பிடவா?"

முன்னால் நின்ற பெண் அசையவில்லை.

"கூப்பிடுங்க. அந்த சீனை முழுசாப் பார்த்துட்டு நாங்களே அவங்களோட போறோம்."

"என்ன திமிரு! யாரும்மா நீ?"

"என் பேரு சுன்னே. அந்த வில்லனா நடிக்கிறவரோட சம்சாரம்."

"புருஷனா! அதான் இந்த ஆட்டமா?"

"அவரை ரோட்டுல பார்த்தாலே துப்புறாங்க, சார். நேத்துகூடத் துப்பினாங்க. துடைச்சுக்கிட்டு அடுத்த ஷூட்டிங் போனார்."

"துப்பத்தான் செய்வாங்க. இப்படி ஒரு வேஷத்துல ஏன் நடிக்கணும்?"

"அந்த ஒரு வசனத்துக்காக."

அவள் அருகே வந்து மெதுவாக ஏதோ சொன்னாள்.

டோலிவர் திகைத்துப்போனார். "நெஜமாவா? டைரக்டருக்குத் தெரியுமா?"

"ஆறே நாள்ல எடுத்த படம், சார். 'வாய்க்கு வந்ததைக் கத்துய்யா, இங்க எவனுக்குப் புரியப் போகுது'ன்னாராம்."

டோலிவர் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஆபரேட்டர் அறையைப் பார்த்துக் கத்தினார்.

"ரீலைத் திருப்பு! வில்லன் கத்துற சீனை மறுபடி போடு!"

"யோவ் மேனேஜர், உனக்கும் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று கூச்சல் கிளம்பியது.

அவர் மேடையில் ஏறிவிட்டார்.

"எல்லாரும் கேளுங்க! இவங்க கொரியாக்காரங்க. முப்பத்துமூணு வருஷமா இவங்க நாட்டை ஜப்பான் பிடிச்சு வெச்சிருக்கு. அந்த நடிகர் பேசுறது ஜப்பான் மொழியே இல்ல, அவரோட கொரிய மொழி. ஜப்பான் உடுப்பைப் போட்டுக்கிட்டே, 'கொரியா வாழ்க! ஜப்பான்காரனே, என் நாட்டை விட்டு வெளியே போ!'ன்னு கர்ஜிக்கிறாரு. இப்பத் தட்டுங்க கையை!"