ஒன்பது எழுத்து

"மறுபடியும் தப்பு சார்! புள்ளியை ஏன் முதல்லயே வெச்சீங்க? அது கடைசியிலதான் வரணும்."

ஃபோர்மேன் நாக்கைக் கடித்துக்கொண்டார். சீன மொழியில் 'நான்' என்று எழுத ஏழு கோடுகள். ஐம்பத்திரண்டு வயதில், ஸ்பானர் பிடித்துக் காய்த்துப்போன விரல்களில் அந்த ஏழும் வரிசையாக வருவேனா என்று அடம்பிடித்தன.

டீச்சருக்கு அவர் வயதில் பாதிகூட இருக்காது. மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் முதலில் வணக்கம் சொல்லக் கற்றுத்தரச் சொல்லிக் கேட்பார்கள். இவரோ வந்த அன்றே ஒரு துண்டுச்சீட்டை நீட்டி, "இந்த ரெண்டு வரியை எழுதக் கத்துக் குடுங்க, போதும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

'மன்னிச்சிடு. சுவிட்சைப் போட்டது நான்தான்.'

சீனத்தில் அது ஒன்பது எழுத்து ஆனது.

விஷயத்தை மூன்றாம் நாள்தான் கக்கினார். தொழிற்சாலையில் சீனாக்காரன் ஒருவன், எலக்ட்ரீஷியன், பேனலைத் திறந்துவைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். இவர் அவசரத்தில் மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டார். பேனல் வெடித்து, அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். அவன்தான் அணைக்க மறந்துவிட்டான் என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னபோது, இவர் வாயைத் திறக்கவில்லை.

"அவனும் அப்படித்தான் நம்பிக்கிட்டிருக்கான் டீச்சர். சனிக்கிழமை ஊருக்குக் கூட்டிட்டுப் போறாங்க. தன்னாலதான் இப்படி ஆச்சுன்னு நினைச்சுக்கிட்டே காலம் பூரா கிடப்பான். அதுக்குள்ள நான் சொல்லியாகணும்."

"நான் வேணா கூட வந்து சொல்லட்டுமா?"

"வேணாம்மா. தப்பு பண்ணினது இந்தக் கை. இதுதான் சொல்லணும்."

"அப்ப சும்மா பார்த்து வரைஞ்சு குடுங்க சார். கோடு முன்னப்பின்ன போனாத்தான் என்ன? மை காஞ்ச பிறகு யாருக்குத் தெரியப்போகுது?"

"வரிசை மாறினா அவனுக்குப் புரியாது."

வாத்தியாரம்மா தான்தானா, அவரா என்று டீச்சருக்கே சந்தேகம் வந்துவிட்டது. சரியான பிடிவாதக்காரர் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த தாளை எடுத்து வைத்தாள். அவரும் சளைக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில்கூட எழுதிப் பார்த்ததாகச் சொன்னார். வியாழக்கிழமை ஒன்பதும் பிசகாமல் வந்தன. அவர் முகத்தில்தான் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை, "தனியாப் போகக் கால் வரமாட்டேங்குது டீச்சர்" என்று வந்து நின்றார். அவளுக்கும் மனசு கேட்கவில்லை. கூடவே கிளம்பினாள்.

ஆஸ்பத்திரி அறைக்குள் காலெடுத்து வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கட்டிலில் சாய்ந்திருந்தவனின் இரண்டு கண்களிலும் கட்டு. காதுகளிலும், வாயைத் திறக்க முடியாதபடி தாடையிலும் கட்டு.

"பார்வையும் போச்சு, காதும் போச்சு" என்றார் ஃபோர்மேன், தரையைப் பார்த்தபடி. "இவன் அக்கா உள்ளங்கையில விரலால எழுதித்தான் பேசுறாங்க. டாக்டரைப் பார்க்கப் போயிருக்காங்கபோல. நல்லதாப் போச்சு."

கட்டிலோரம் உட்கார்ந்து, அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு கோடாக எழுதினார். டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஓர் இடத்திலும் வரிசை தப்பவில்லை.

அவன் அசையவில்லை.

"சொல்லிட்டேன் டீச்சர்" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்த பாரம் ஒருவழியாக இறங்கியது.

அப்போது அவன் கை தடவித் தேடி அவர் கையைப் பற்றியது. அவர் விரல்களை விரித்துவிட்டு, உள்ளங்கையில் மெல்ல ஒரே ஓர் எழுத்தை எழுதியது. அது அவர் படித்த ஒன்பதில் இல்லாத எழுத்து.

"என்ன டீச்சர் எழுதுறான்? மன்னிச்சிட்டானா?"

டீச்சர் அவன் விரல் போன வழியைத் தன் உள்ளங்கையில் ஒருமுறை எழுதிப் பார்த்தாள்.

"உங்க பேரை நாம எழுதவே இல்லையே சார்... 'யாரு'ன்னு கேக்குறாரு."