சின்னத்தில் ஒரு முகம்

கார்த்திகை பாதி கழிந்திருந்தது. பெய்து ஓய்ந்த மேகங்கள் பல்லாவரத்துக் குன்றின் மேல் துயர் ஆறாதவை போலப் படிந்து கிடந்தன; காலை பத்து மணிக்கே குரோம்பேட்டையின் பெருஞ்சாலை அந்திபோல் இருண்டிருந்தது. ஈரக்காற்று ஒவ்வொரு வாசலிலும் நின்று, உள்ளே வர அனுமதி கேட்பதுபோல் கதவுகளை மெல்ல அசைத்துச் சென்றது.

அந்த ஈரத்தோடு மாடிப்படி ஏறி வந்த இருவர், வணிகச் சின்னப் பதிவு முகவர் கஸ்தூரிரங்கனின் மேசைமுன் அமர்ந்திருந்தனர். ஒருவர் கோவளத்தில் படகு என்ஜின் எண்ணெய் விற்கும் எத்திராஜ்; மற்றவர் அவர் மனைவி முத்தாலம்மாள். மடியிலிருந்த மஞ்சள் துணியைப் பிரித்து, திருநீறு இட்ட புகைப்படம் ஒன்றை அவள் இரு கைகளாலும் ஏந்தி மேசைமேல் வைத்தாள். இருபது வயது இளைஞன். இடப்புருவத்தில் ஒரு தழும்பு.

"எம் புள்ள சார், குணா. இவன் பேரும் மூஞ்சியும் ஆயில் டப்பா மேல வரணும்."

"பேர் சரிம்மா. முகம் எதுக்கு? எண்ணெய், கிரீஸ், எரிபொருள் எல்லாம் சின்னப் பதிவுல நாலாம் வகுப்புச் சரக்கு. ஒரு சுறாவோ நங்கூரமோ போட்டா சுலபமா முடிஞ்சிடும்."

"சுறாவத்தான் தெனம் கரையில பாக்கறமே சார். அது மூஞ்சிய டப்பாவுல வேற பாக்கணுமா?" என்றாள் முத்தாலம்மாள். "எம் புள்ள மூஞ்சி இல்லாங்காட்டி டப்பாவே வேணாம்."

எத்திராஜ் குறுக்கிட்டார். "காக்கிநாடா வரைக்கும் எல்லாத் துறைமுகத்துக்கும் சரக்கு எடுத்துனு போற ஏஜெண்டு ஒருத்தரு கீறாரு சார். சின்னத்துக்குப் பதிவு மனு நம்பர் இல்லாத டப்பாவத் தொடமாட்டேன்றாரு. நாளைக்கு லாரி கெளம்புது."

அவர்கள் கொண்டுவந்திருந்த லேபிள் மாதிரியைப் பார்த்து உதவியாளர் ஷர்மிளா சிரித்தாள். "சார், எண்ணெய் பேரைவிட ஃபோன் நம்பர் பெருசா இருக்கு. கடை நம்பரா அண்ணா?"

"வூட்டு நம்பர்மா," என்றாள் முத்தாலம்மாள். "நான்தான் எடுப்பேன்."

கஸ்தூரிரங்கன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ஒருத்தர் முகத்தைச் சின்னமா போட்டா, அவரோட ஒப்புதல் கையெழுத்து வேணும். பையனை வரச் சொல்லுங்க."

எத்திராஜ் தலை குனிந்தார். "அவன் கையெழுத்து கெடைக்காது சார்."

கஸ்தூரிரங்கனின் பார்வை படத்திலிருந்த திருநீற்றின் மேல் சென்று நின்றது. குரல் தானாகவே தாழ்ந்தது. "மன்னிக்கணும். இருபது வருஷத்துக்குள்ள காலமானவர்னா பெத்தவங்க ஒப்புதல் போதும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. சான்றிதழை அப்புறம் குடுங்க."

சற்று நேரத்தில் ஷர்மிளா அச்சிட்ட தாள் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். 'காலஞ்சென்ற எங்கள் மகன் குணா' என்று தொடங்கியது அது.

எத்திராஜ் அந்த முதற்சொல்லை நெடுநேரம் பார்த்திருந்தார். "இதுல போட்டா இன்னிக்கே நம்பர் கெடைக்குமா சார்?"

"கெடைக்கும்."

பேனாவின் முனை தாளைத் தொட்டது. அக்கணமே முத்தாலம்மாள் தாளைப் பற்றி இழுத்தாள். அது குறுக்காகக் கிழிந்தது.

"இன்னா மனுசன்யா நீ?"

"பேப்பர்லதானே முத்தா! டப்பா ஊர் ஊரா போனா போதாதா?"

"பேப்பர்ல கூட வேணாம்."

"அம்மா, உங்க துக்கம் புரியறது," என்றார் கஸ்தூரிரங்கன். "ஆனா நடந்ததை எழுதித்தானே ஆகணும்?"

"உசுரோட கீறவன் சார் அவன்!" அவள் குரல் உடைந்தது. "துன்னூறு, வேண்டுதலுக்கு வெச்சது."

எத்திராஜ் யார் முகத்தையும் பாராமல் பேசினார்.

"நாலு வருசம் ஆச்சு சார். பெட்ரோல்ல ஆயில் கலக்க மறந்துட்டு போட்டக் கடலுக்கு எடுத்துட்டான். புது என்ஜின், கருகிப் போச்சு. மீன் ஏலம் போடற எடத்துல, அத்தினி பேர் முன்னாடி, செருப்பால அடிச்சேன். அன்னிக்கே வூட்ட வுட்டுப் போயிட்டான். ஆந்திரா பக்கம் எங்கியோ போட்டு ஓட்டறான்னு சொல்றாங்க. எந்தக் கரைன்னு யாருக்கும் தெரியல."

விரல் நுனியால் அந்தத் தழும்பைத் தொட்டார். "அதுவும் நான் அடிச்சதுதான், சின்ன வயசுல. எங்க இருந்தாலும் இப்ப ஆயில் கலக்காம கடலுக்குப் போகமாட்டான் சார். டப்பாவக் கையில எடுப்பான் இல்ல? அப்பன் கூப்பிடறான்னு தெரிஞ்சுக்குவான்."

கஸ்தூரிரங்கன் கிழிந்த தாளின் இரண்டு துண்டுகளையும் எடுத்து மடித்துக் குப்பைக் கூடையில் இட்டார். "ஷர்மிளா, ஒப்புதல் இப்ப வேண்டாம். மனுவை மட்டும் அனுப்பு."

மனு எண் வந்தது. அச்சிட்ட தாளை அவர் சுவரோரம் இருந்த பெருமாள் படத்தின் திருவடியில் வைத்து, அதன்மேல் ஓர் இணுக்குத் துளசி சார்த்திக் கண்மூடி நின்றார். கோவளத்துக்காரர் இருவரும் எழுந்து கைகூப்பினர்.

பிறகு தாளையும் துளசியையும் ஒன்றாக எடுத்து முத்தாலம்மாளின் கைகளில் கொடுத்தார்.

"ஒப்புதல் எங்கேன்னு பதிவு ஆபீஸ்ல கேட்க இன்னும் சில மாசம் ஆகும். அதுக்குள்ள உங்க பையனே இங்க வந்து கையெழுத்துப் போடட்டும்மா."