நடுவில் நாலு மணி நேரம்

மதியம் மூன்று மணிக்கெல்லாம் மேற்கிலிருக்கும் பெரிய நாட்டின் நிழல் கடலைத் தாண்டி வந்து தீவின்மேல் படுத்துக்கொள்ளும். கோழிகள் கூண்டில் அடைந்துவிடும். அதற்குள் மிக்கேலம்மாள் நெத்திலியைக் காயப்போட்டு, ஒரு தடவை புரட்டிவிட்டு, அள்ளிவிடுவாள். அவள் பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

அன்று வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர் ஷூ மணலில் புதைய வந்து நின்றார். கிழக்கிலிருக்கும் பெரிய நாடும் இனி தன் நிழலைத் தரப்போகிறதாம், விடிந்ததிலிருந்து பதினொரு மணி வரை.

“ரெண்டு பேரும் நமக்கு வேண்டியவங்கம்மா. யாரையும் பகைச்சுக்க முடியாது.”

“அப்ப மீன் எப்ப சார் காயும்?”

“நடுவுல நாலு மணி நேரம் முழுசா நம்மளுது. பேசி வாங்கியிருக்கோம்.” அவர் குரலில் பெருமை இருந்தது.

உச்சிவெயில். தீவின் நிழலெல்லாம் ஆட்களின் காலடியில் சுருண்டு கிடந்தது. அவருடைய நிழலின் ஓரம் நாலைந்து நெத்திலிகளின்மேல் விழுந்திருந்தது.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்.”

அவர் நகர்ந்தார். மீனைப் புரட்டக் குனிந்தவள், தன் நிழலும் அதன்மேல் விழுவதைப் பார்த்தாள். நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டு அவளும் தள்ளி நின்றாள்.